பேன்ட் கால் பையும் பெருங்காய விபத்தும்: ஐம்புலன் பாடத்துக்குச் செய்து பார்த்தவை

முதலில் செய்தது அட்டைப்பெட்டி. செருப்பு வாங்கிய பெட்டியில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே தேங்காய் நார், பஞ்சு, கூழாங்கல் எல்லாம் வைத்து, "கையை விட்டு என்னன்னு சொல்லுங்க" என்று பிள்ளைகள் முன்னால் வைத்தேன். 10 நிமிடம் தாங்கவில்லை. ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்க்க வசதியாக ஓட்டையைப் பெரிதாக்கினார்கள். மூன்றாவது பிள்ளை கையை வெளியே இழுத்தபோது பெட்டியும் கூடவே வந்தது.

நான் வேலை பார்ப்பது போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. 1, 2, 3 மூன்று வகுப்பும் என்னிடம், ஒரே அறையில், 19 பிள்ளைகள். 2022-இல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக உட்கார வைத்துப் பழகிவிட்டதால் குழுவாக வேலை செய்வது எங்களுக்குப் புதிதில்லை. ஐம்புலன் பாடம் மட்டும் வருடா வருடம் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. சார்ட்டைக் காட்டி "கண்ணால்?" என்றால் "பார்க்கிறோம்". "காதால்?" என்றால் "கேட்கிறோம்". ஒரே குரலில் சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மணிக்குக் காத்திருப்பார்கள். காதால்தான் கேட்கிறோம் என்பது 6 வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா என்ன? அதையே ஒரு வாரம் நடத்துவது எனக்கே வெட்கமாக இருந்தது. அதனால்தான் இந்த வருடம் பொருள் செய்து பார்ப்போம் என்று இறங்கினேன்.

அட்டைப்பெட்டி கிழிந்த அன்றே வீட்டுக்காரரின் பழைய ஜீன்ஸ் பேன்ட் ஒன்றை முழங்காலுக்குக் கீழே வெட்டினேன். அடிப்பக்கம் இரட்டைத் தையல். வாய்ப்பக்கம் மடித்துத் தைத்து எலாஸ்டிக் கோத்தேன். எலாஸ்டிக் இறுக்கம் முக்கியம். பிள்ளையின் கை நுழைய வேண்டும், கண் நுழையக் கூடாது. முதலில் கோத்தது தளர்வாகப் போய்விட்டது, பிரித்து மறுபடி கோத்தேன். ஜீன்ஸ் துணி தடிமன் என்பதால் வெளியிலிருந்து தடவிப் பார்த்தாலும் உள்ளே என்ன என்று பிடிபடாது. சுடிதார் துணியில் தைத்தால் இது நடக்காது.

உள்ளே போட்டவை: தேங்காய் நார், பீர்க்கங்கூடு, பஞ்சு உருண்டை, கூழாங்கல், உப்புத்தாள் துண்டு, வெல்வெட் துணி, எவர்சில்வர் ஸ்பூன், தேய்ந்த சோப்பு. புளியங்கொட்டையும் பாசியும் போட ஆசைதான். ஆனால் ஒன்றாம் வகுப்பில் மூக்குக்குள் எதையாவது போட்டுக்கொள்ளும் ஆள் வருடத்துக்கு ஒருவராவது உண்டு. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் கையை விட்ட ஒவ்வொரு பிள்ளையும் சொன்ன பதில் ஒன்றுதான்: "ஒரு மாதிரியா இருக்கு டீச்சர்." உதவி செய்கிறேன் என்று நான் குறுக்கே போய், "மென்மையா இருக்கா, கடினமா இருக்கா?" என்று கேட்டேன். அங்கேதான் கெட்டது. அதற்கப்புறம் பஞ்சு மென்மை, கல் கடினம், நார் கடினம், உப்புத்தாளும் கடினம். சோப்பு வந்தபோது ஒரு பையன் என் முகத்தையே பார்த்து, "மென்மை... இல்ல டீச்சர், கடினம்" என்றான். கை பைக்குள் சும்மா கிடந்தது. அவன் தடவிக்கொண்டிருந்தது என் முகத்தை.

வீட்டுக்கு வந்து பேன்டின் மிச்சத்தைப் பார்த்தபோதுதான் தோன்றியது. இன்னொரு கால் இருக்கிறதே. அதையும் பையாகத் தைத்து, அதே 8 பொருளை அதிலும் போட்டேன். மறுநாள் கேள்வியே இல்லை. "இந்தப் பையில ஒண்ணைப் பிடிச்சுக்கோ. அதோட ஜோடியை அந்தப் பையில இருந்து எடு. வாயே திறக்கக் கூடாது." அவ்வளவுதான். ஒரு கை இந்தப் பையில், ஒரு கை அந்தப் பையில், கண் மேலே விட்டத்தில். எங்கள் வகுப்பில் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை. சோப்பு என்றால் என்ன, கடினம் என்றால் என்ன என்ற கவலை இல்லாமல் 19 பேரில் 16 பேர் முதல் தடவையிலேயே சரியான ஜோடியை எடுத்தார்கள். முந்தின நாள் அவர்களுக்குக் குறைவாக இருந்தது சொல் மட்டும்தான், தொடுவுணர்வு நன்றாகவே இருந்திருக்கிறது. புலனைச் சோதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் சோதித்தது பாடப்புத்தகச் சொற்களை.

மூன்று நாள் இப்படி விளையாடவிட்ட பிறகு சொற்கள் தாமாக வந்தன. நான் கேட்கவில்லை, அவர்களுக்குள் பேசிக்கொண்டது. வெல்வெட் "மெத்து மெத்து". சோப்பு "வழவழ", கை வியர்த்த பிறகு "பிசுபிசு". பீர்க்கங்கூடு "மொறமொறன்னு, ஆனா உடையல". உப்புத்தாள் "சொரசொர". ஒருத்தி மட்டும் "பூனை நக்குற மாதிரி" என்றாள். பூனை நாக்கு சொரசொரப்பாகத்தான் இருக்கும், அதில் பின்பக்கம் வளைந்த குட்டி முட்கள் உண்டு. அவள் வீட்டில் பூனை இருக்கிறது. எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினேன். இரட்டைக்கிளவி என்று பின்னால் மேல்வகுப்பில் இலக்கணமாக வரப்போவதை இவர்கள் ஒன்றாம் வகுப்பிலேயே கை நிறைய வைத்திருக்கிறார்கள். நான்தான் மென்மை, கடினம் என்று இரண்டைக் கொடுத்து மூடப் பார்த்தேன்.

ஸ்பூன் "சில்லுனு" இருப்பதில் ஒரு சண்டை. "கல்லும் அதே பைக்குள்ளதான கெடக்கு, அது ஏன் ஜில்லுனு இல்ல?" உண்மையில் இரண்டும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன. உலோகம் கையின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறது, கல் அவ்வளவு வேகமாக இழுப்பதில்லை. நம் தோலுக்குத் தெரிவது பொருளின் சூடு அல்ல, தன் சூடு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான். இதை ஒன்றாம் வகுப்புக்குச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. "ஸ்பூன் உன் கைச் சூட்டைத் திருடுது" என்றேன். அதற்குப் பிறகு ஸ்பூனுக்குப் பெயரே திருட்டு ஸ்பூன்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொண்டை ஊசி. அதன் இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தோலில் மெல்ல வைத்து, ஒன்றா இரண்டா என்று கேட்க வேண்டும். விரல் நுனியில் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே இரண்டு என்று சொல்லிவிடுவார்கள். முதுகில் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் விலக்கினால்தான் இரண்டு என்று தெரியும். கொண்டை ஊசி அவ்வளவு விரியாது, முதுகுக்கு இரண்டு பென்சில். அடுத்தவன் முதுகில் குத்திவிட்டு "ஒண்ணுதான்னு சொல்றான் டீச்சர்!" என்று சிரிப்பதில் ஒரு பீரியட் போய்விட்டது.

அடுத்தது ஒலி டப்பாக்கள். ஜோடி சேர்க்கும் யோசனை நான் கண்டுபிடித்ததில்லை, மரியா மாண்டிசோரியின் பொருட்களில் 6 ஜோடி ஒலிப் பெட்டிகள் இருக்கின்றன. பிள்ளை ஆட்டிக் கேட்டு ஜோடி சேர்க்க வேண்டும். அந்த அம்மா 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், போர்க்காலத்தில் சில வருடம் இதோ பெரியகுளத்துக்கு மேலே இருக்கும் கொடைக்கானலில் இருந்தார். அவருடைய பெட்டிகள் மரத்தில் கடைந்தவை. என்னுடையவை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வெள்ளை மாத்திரை டப்பாக்கள், 12. சுண்ணாம்பு டப்பா இன்னும் மலிவாகக் கிடைக்கும், உருவமும் அளவும் கச்சிதம். ஆனால் மூடி இடுக்கில் துளி சுண்ணாம்பு ஒட்டியிருந்து பிள்ளையின் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அந்தப் பக்கமே போகவில்லை.

உள்ளே அரிசி, கடுகு, துவரம்பருப்பு, மணல், சட்டைப் பொத்தான், புளியங்கொட்டை. ஒவ்வொன்றும் இரண்டு டப்பாவில். நிறையப் போட்டால் சத்தமே வராது என்பது முதல் டப்பாவில் தெரிந்தது. ஒரு தேக்கரண்டி போதும். பொத்தானும் புளியங்கொட்டையும் எண்ணிப் போட வேண்டும், இதில் மூன்று அதில் நான்கு என்றால் காது கண்டுபிடித்துவிடுகிறது. மூடியை ஃபெவிக்விக் போட்டு ஒட்டினேன், அடுத்த நாளே கழன்றது. இந்த வகை வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் அந்தப் பசை பிடிக்காது. கடைசியில் பழைய கத்தியை அடுப்பில் காய்ச்சி, மூடி விளிம்பைச் சுற்றி உருக்கி அழுத்தினேன். வாசலில் உட்கார்ந்து செய்தது, புகை நாற்றம் தலைவலி தரும்.

பிள்ளைகள் ஜோடி சேர்த்த வேகத்தைப் பார்த்து ஒரு நாள் முழுக்கப் பெருமைப்பட்டுக்கொண்டேன். மறுநாள் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் டப்பாவை ஆட்டவே ஆட்டாமல் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து ஜோடி சேர்ப்பதைக் கவனித்தேன். எடை! மணல் டப்பா கனம், அரிசி லேசு. காதுக்கு வேலையே இல்லை. "எப்படிடா கண்டுபிடிச்ச?" என்றால், "கறிக்கடையில எங்க அப்பா இப்படித்தான் டீச்சர்" என்றான். அதன் பிறகு ஆட்டுவது ஒருவர், கேட்பது ஒருவர், நடுவில் ஒரு துண்டு. டப்பாவைக் கேட்பவர் தொடக் கூடாது.

ஒரு மாதம் கழித்து அரிசி ஜோடி சேராமல் போனது. ஒன்று சலசல என்றது, மற்றது பொதபொத என்றது. விளிம்பை அறுத்துத் திறந்து பார்த்தால் வண்டு. பாதி அரிசி மாவாகியிருந்தது. அரிசிக்குப் பதில் பாசிமணி போட்டு மறுபடி உருக்கி ஒட்டினேன். பருப்பையும் இரும்புச் சட்டியில் வறுத்து ஆறவைத்துப் போட்டேன், அது இன்றுவரை தாங்குகிறது.

காதுக்கே இன்னொரு விளையாட்டு, செலவில்லாதது. எல்லோரும் வட்டமாக நிற்க, நடுவில் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, யார் கை தட்டினார்களோ அந்தத் திசையைக் காட்ட வேண்டும். வலம், இடம் எல்லாம் நூலுக்கு நூல் காட்டுவார்கள். நேர் முன்னாலும் நேர் பின்னாலும் தட்டினால்தான் குழப்பம். இரண்டு காதுக்கும் சத்தம் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதால் முன்னா பின்னா என்று தெரியாது. அப்போது தலையை லேசாகத் திருப்பிப் பார்ப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்கிறார்கள். ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டால் திசை மொத்தமாகப் போய்விடும், திறந்திருக்கும் பக்கமே எல்லாச் சத்தமும் வருகிறமாதிரி இருக்கும்.

அந்த விளையாட்டில் ஒரு பெண் எங்கே தட்டினாலும் வலது பக்கமே காட்டினாள். காதைப் பொத்தாமலே. முதலில் மற்றவர்கள் சிரித்தார்கள், நானும் கூச்சத்தில் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் தனியாகக் கூப்பிட்டு இடது காதுப் பக்கம் நின்று மெதுவாகப் பேசினேன், திரும்பவில்லை. மூன்றாவது வரிசையில் இடது ஓரத்துச் சுவரில் சாய்ந்து உட்காரும் பிள்ளை. சுவர் எந்தப் பக்கமோ கேட்காத காது அந்தப் பக்கம், நல்ல காது வகுப்பைப் பார்த்து. அவளே கண்டுபிடித்துக்கொண்ட இடம் அது, இரண்டு வருடமாக நான் கவனிக்கவில்லை. அவள் அம்மாவிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். குறும்பி கல்லாக அடைத்திருந்ததாம், சொட்டு மருந்து விட்டு ஊறவைத்து எடுத்தார்களாம். அடுத்த வாரம் வந்து "ஃபேன் சத்தம் பெருசா இருக்கு டீச்சர்" என்றாள்.

சரி, மூக்குக்கு வருவோம். விபத்து அங்கேதான். அதே மாத்திரை டப்பாவில் 12 வாங்கி, 6 வாசனை, இரண்டிரண்டாக: ஏலக்காய், காபித்தூள், ஓமம், பூண்டு, எலுமிச்சைத் தோல், பெருங்காயம். கற்பூரமும் பாச்சா உருண்டையும் வேண்டாம் என்று முன்பே முடிவு. மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டால் இரண்டுமே விஷம். சனிக்கிழமை செய்து மூடி, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் அடுக்கிப் பீரோவில் பூட்டினேன். திங்கட்கிழமை திறந்தால் 12 டப்பாவும் பெருங்காயம். காபி பெருங்காயம், எலுமிச்சை பெருங்காயம். கூடையில் இருந்த வண்ணத்தாள், சுண்ணக்கட்டி, பீரோவுக்குள் இருந்த வருகைப் பதிவேடு வரைக்கும். ஹெச்.எம். சார் பதிவேட்டைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார். "சாம்பார் வச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மெல்லிய பிளாஸ்டிக் வாசனையைத் தடுக்காது, குடித்துக்கொண்டு திரும்ப விடும். கழுவி வெயிலில் காயவைத்தும் போகவில்லை. 12-ஐயும் எறிந்துவிட்டுத் தடித்த கண்ணாடி மருந்துக் குப்பிகள் கேட்டு வாங்கினேன். பெருங்காயம் தனி எவர்சில்வர் தூக்கில். எலுமிச்சைத் தோல் இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும் என்பதால் அன்றன்று சீவிக்கொள்கிறேன். ஏலக்காயை முழுசாகப் போட்டால் வாசம் வராது, நசுக்க வேண்டும். குப்பியை மூக்கில் ஒட்டவைத்து இழுக்கக் கூடாது, கையால் விசிறி வாங்க வேண்டும். ஒரே வேளையில் 3 அல்லது 4-க்கு மேல் கொடுத்தால் மூக்கு மரத்துப்போகும், கடைசிப் பிள்ளைகள் எல்லாம் "வாசமே வரல" என்பார்கள்.

அப்படித்தான் ஒருத்தி ஏலக்காய்க் குப்பியை வாங்கி, "இதுல ஒண்ணுமே இல்ல டீச்சர்" என்று திருப்பிக் கொடுத்தாள். ஆனால் அன்றைக்கு அவள் முகர்ந்த முதல் குப்பியே அதுதான். மூடியைத் திறந்து காயைக் காட்டினேன். "ஐயே, இது காயி. இது வாசமா?" என்றாள். போடியில் காய் என்றால் ஏலக்காய்தான். அவள் அம்மா குடோனில் காய் பொறுக்கப் போகிறவர், சேலையில், சாப்பாட்டுத் தூக்கில், வீட்டுச் சாக்கில் எல்லாம் அந்த வாசம்தான். மீனுக்குத் தண்ணீர் மாதிரி. மற்ற பிள்ளைகளுக்கு அது பாயசம்.

இங்கே ஒரு சொல் பிரச்சினையும் உண்டு. நல்லது என்றால் வாசம், கெட்டது என்றால் நாத்தம். இரண்டுக்கும் பொதுவாகச் சொல்ல அவர்களிடம் சொல் இல்லை. பழந்தமிழில் நாற்றம் என்றாலே மணம், பூ நாறும் என்றுதான் எழுதினார்கள். மணம் என்ற சொல்லைச் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் எடுக்கவில்லை. பூண்டு வாசமா நாத்தமா என்று ஓட்டெடுப்பு வைத்தோம், ஒரு பக்கம் 10 பேர், மறுபக்கம் 9 பேர்.

சுவைக்கு நான் பயந்தது சுத்தத்துக்காக. ஆளுக்கொரு ஐஸ் குச்சி, தொட்டதைத் திரும்பத் தொடக் கூடாது. வேர்க்கடலை போன்று ஒவ்வாமை வரக்கூடிய எதுவும் இல்லை, முந்தின நாளே வீட்டில் கேட்டு வரச் சொல்லிவிடுவேன். வெல்லம், புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர், வெந்தயம் ஊறிய தண்ணீர், வாழைப்பூ மடல் ஒரு கிள்ளு. அறுசுவையில் துவர்ப்புக்கு அதைவிட நல்லது பிஞ்சு மாங்கொட்டை, பருவம் இல்லை.

வகுப்புச் சுவரில் கடையில் வாங்கிய நாக்குப் படம் ஒன்று பல வருடமாகத் தொங்குகிறது. நுனியில் இனிப்பு, ஓரங்களில் உப்பும் புளிப்பும், அடிநாக்கில் கசப்பு. வெந்தயத் தண்ணீரை நுனி நாக்கில் வைத்த ஒருவன், "டீச்சர், நுனியிலயே கசக்குது. படம் தப்பு" என்றான். தப்புதான். 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் நாக்கின் பகுதிகளுக்குள் கண்ட சின்ன வித்தியாசத்தைப் பின்னால் வந்தவர்கள் பெரிதாக்கி வரைந்த படம் அது. எல்லாச் சுவையும் நாக்கில் எங்கும் தெரியும். படத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, நாக்கை மட்டும் வரைந்து, "எல்லா இடத்திலும்" என்று எழுதினோம்.

அதைவிட நல்ல கேள்வி காரத்தில் வந்தது. "மொளகாய் கண்ணுல பட்டா எரியுது. சக்கரை பட்டா கண்ணு இனிக்குமா?" கேட்டவள் ஏழு வயது. பதில் சொல்லும் முன் நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் பிடித்தது சரி, காரம் நாக்கின் சுவை மொட்டு அறியும் சுவை இல்லை. சுடும் பொருளை உணரும் அதே நரம்பு முனை மிளகாயின் காரப்பொருளுக்கும் திறந்துகொள்கிறது, அது கண்ணிலும் உண்டு, தோலிலும் உண்டு. அந்த முனையில் இருக்கும் உணர்வியைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2021-இல் டேவிட் ஜூலியசுக்கு நோபல் பரிசில் பங்கு. துவர்ப்பும் அப்படித்தான், பாதிக்கு மேல் தொடுவுணர்வு. எச்சிலின் வழவழப்பு போய் நாக்கு இழுத்துப் பிடிக்கிறது. ஆக நம் அறுசுவையில் இரண்டு என்னுடைய பேன்ட் கால் பையைச் சேர்ந்தவை.

ஆறு வயதுக்காரர்களை அலறவைத்தது மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்பதுதான். ஏலக்காய் தட்டிப் போட்ட வெல்லம், மூக்கை இறுகப் பிடித்து வாயில் போட்டால் வெறும் இனிப்பு. மென்றபடியே விரலை எடுத்தால் ஏலக்காய் குபுக்கென்று வரும். திரும்பத் திரும்பக் கேட்டார்கள், கால் கிலோ வெல்லம் காலி. காயில் வாசமே இல்லை என்றவளும் மூக்கை விட்டதும் "ஆ, காயி!" என்று கத்தினாள்.

கண்ணுக்குத் தனியாக எதுவும் செய்யவில்லை, அதற்கு நாள் பூரா வேலைதான். ஒரே ஒன்று: ஜன்னலோரம் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் கண்ணை உள்ளங்கையால் மூடி 20 எண்ணிவிட்டுத் திறக்க வேண்டும். எதிரில் இருப்பவர், கறுப்பு வட்டம் பெரிதிலிருந்து சட்டென்று சுருங்குவதைப் பார்க்கலாம். எல்லோருக்கும் தெரியவில்லை, எங்கள் கண்மணி கறுப்பு, சுற்று வட்டமும் கரும்பழுப்பு. ஆனால் அதற்குள் தன் உருவம் குட்டியாகத் தெரிவதை எல்லோரும் பார்த்தார்கள். பாவை, பாப்பா என்று ஏன் சொல்கிறோம் என்பது எனக்கும் அன்றுதான் சரியாக உறைத்தது.

வரிசையைப் பற்றி ஒன்று. சார்ட்டுகள் கண்ணில் தொடங்கும். நான் தொடுதலில் தொடங்கியது பேன்ட் கிடைத்ததால், அவ்வளவுதான். ஆனால் தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு, ஈரறிவு என்று அடுக்கும்போதும் உடம்பு, நாக்கு, மூக்கு, கண், காது என்றுதான் போகிறது. அடுத்த வருடமும் பையில்தான் தொடங்குவேன், கண்ணைக் கடைசியில் வைப்பேன். கண்ணில் தொடங்கினால் அப்புறம் எல்லாப் பெட்டியிலும் ஓட்டை தேடுவார்கள்.

இப்போதைய நிலவரம்: பைகளில் ஒன்றின் எலாஸ்டிக் மறுபடி தளர்ந்துவிட்டது. பஞ்சு உருண்டை கறுப்பாகி உலக்கைப் பூண் மாதிரி இறுகிவிட்டது, மாற்ற வேண்டும். சோப்பை எலி தின்றது. மார்கழியில் மூன்று பாத்திரத் தண்ணீர் செய்யலாம் என்று இருக்கிறேன். ஒரு கை குழாய்த் தண்ணீரில், ஒரு கை வெதுவெதுப்பான தண்ணீரில், ஒரு நிமிடம் கழித்து இரண்டும் நடுப் பாத்திரத்தில். ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சூடு, ஒரு கைக்குக் குளிர். சத்துணவு அக்காவிடம் வெந்நீர் கேட்டிருக்கிறேன். "பிள்ளைங்க கை வைக்கிற சூட்டுலதான் தருவேன், அதுக்கு மேல கேட்காதீங்க டீச்சர்" என்று சொல்லியிருக்கிறார்.